உரிமையும் அனுமதியும்: சேர்வராயன் மலையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை மேல்முறையீட்டின் வரலாறு

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவைச் சுற்றியுள்ள சரிவுகளில் காபி வேரூன்றியது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அதைக் கொண்டுவந்தார். தோட்டப் பயிரால் நிலத்துக்கு விலை ஏறியது. விலை ஏறிய நிலத்துக்கு வழக்கும் வரும். இம்மலையில் எழும் ஒரு நில வழக்கோ கொலை வழக்கோ சேலத்தையும் சென்னையையும் கடந்து நாட்டின் இறுதி நீதிமன்றத்தை எட்ட எவ்வழி இருந்தது, அவ்வழி எப்படி மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இரு நூற்றாண்டுகளில் உரிமையியல் மேல்முறையீடு உரிமையிலிருந்து அனுமதிக்கு இறங்கியது; குற்றவியல் மேல்முறையீடோ கருணையிலிருந்து உரிமைக்கு ஏறியது என்பதே இதன் வாதம்.

பத்தாயிரம் ரூபாய் வரம்பு

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1802 ஒழுங்குமுறைச் சட்டங்கள் ஜில்லா கோர்ட்டுகளையும் அவற்றுக்கு மேல் சென்னையில் சதர் அதாலத்தையும் நிறுவின. அதற்கும் மேலே இருந்தது இலண்டன். 1833 சட்டம் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவை உருவாக்கியது. 1838இல் வந்த அரசாணை, 10,000 ரூபாய்க்குக் குறையாத சொத்து வழக்குகள் அங்கே செல்லலாம் என்றது. சதர் அதாலத்தின் இடத்தில் 1862இல் சென்னை உயர் நீதிமன்றம் வந்தபிறகும் பணமதிப்பே அளவுகோலாக நீடித்தது.

இந்த அளவுகோலின் விளைவை இராமநாதபுரம் தத்தெடுப்பு வழக்கில் காணலாம். கணவரை இழந்த ஜமீன்தாரிணி வாரிசைத் தத்தெடுத்தது செல்லுமா என்பது கேள்வி. 1868இல் பிரிவி கவுன்சில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட சாத்திர விதியை விஞ்சும் என்று தீர்ப்பளித்தது. வழக்காற்றின்படி வாழும் எல்லாச் சமூகங்களுக்கும், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் உட்பட, முக்கியமான கோட்பாடு இது. ஆனால் அக்கேள்வியை இலண்டன்வரை எடுத்துச்செல்லும் வசதி ஜமீன் சொத்துக்கே இருந்தது. இரண்டு ஏக்கர் உழவரின் வழக்கு, அதில் எத்தனை பெரிய சட்டக் கேள்வி இருந்தாலும், பெரும்பாலும் சென்னையிலேயே முடிந்துவிடும்.

உயிருக்கு இல்லாத உரிமை

குற்றவியல் வழக்கில் அந்த அளவு உரிமைகூட இல்லை. 1882 சேலம் கலவர வழக்கில் வழக்கறிஞரும் நகராட்சி உறுப்பினருமான சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னாளில், 1920இல், நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அவர். உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்திருந்தால் அதற்குமேல் முறையிட அவருக்குச் சட்ட உரிமை எதுவும் இருந்திராது. பிரிவி கவுன்சில் மனம்வைத்துத் தரும் சிறப்பு அனுமதி ஒன்றே வழி. அதற்கும் 1887 டில்லெட் வழக்கில் கடும் நிபந்தனை விதிக்கப்பட்டது: கணிசமான, கொடிய அநீதி நிகழ்ந்திருந்தால் மட்டுமே தலையிடுவோம் என்றது நீதிக்குழு.

அந்த அரிய தலையீடுகளில் ஒன்று சென்னை மாகாணத்துக்குக் கிடைத்தது. 1901இல் முடிந்த சுப்பிரமணிய ஐயர் வழக்கில், ஈராண்டுகளில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 41 செயல்களை ஒரே விசாரணையில் திணித்திருந்தார்கள். ஒரே வகையான குற்றங்களில் ஓராண்டுக்குள் நிகழ்ந்த மூன்றை மட்டுமே சேர்த்து விசாரிக்கச் சட்டம் இடம் தந்தது. இது வெறும் முறைப்பிழை அன்று, சட்டவிரோதமே என்று கூறிப் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்துசெய்தது.

குடியரசின் திருப்பம்

1937இல் கூட்டாட்சி நீதிமன்றம் தோன்றியது. 1948இல் உரிமையியல் மேல்முறையீடுகள் அதனிடம் வந்தன. 1949 அக்டோபர் 10 அன்று இலண்டன் வழி முற்றிலும் அடைபட்டது. 1950இல் பிறந்த உச்ச நீதிமன்றத்துக்கு அரசமைப்புச் சட்டம் பல வழிகளைத் திறந்தது. 133ஆம் பிரிவு உரிமையியல் வழக்குகளுக்கு 20,000 ரூபாய் வரம்பை வைத்தது. பழைய பணமதிப்பு முறை புதிய எண்ணுடன் தொடர்ந்தது. 134ஆம் பிரிவில்தான் உண்மையான புதுமை இருந்தது. கீழ்க்கோர்ட்டில் விடுதலையானவருக்கு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தால், யாருடைய தயவும் இன்றி அவர் மேல்முறையீடு செய்யலாம். எஞ்சிய வழக்குகளுக்கு 136ஆம் பிரிவு சிறப்பு அனுமதி மனு என்ற வழியைத் தந்தது. இந்த அதிகாரத்தை அரிதாகவே பயன்படுத்த வேண்டும் என்று 1950ஆம் ஆண்டு பிரீதம் சிங் வழக்கிலேயே நீதிமன்றம் தனக்கு வரம்பு கட்டிக்கொண்டது.

அடுத்த மாற்றங்கள் இரு திசைகளில் நடந்தன. 1970 சட்டம், விடுதலையை மாற்றி ஆயுள் தண்டனையோ பத்தாண்டுக்குக் குறையாத சிறையோ விதிக்கப்பட்டவருக்கும் மேல்முறையீட்டு உரிமை தந்தது. 1973இல் நடைமுறைக்கு வந்த 30ஆவது திருத்தம் 20,000 ரூபாய் வரம்பை நீக்கியது. பொது முக்கியத்துவம் உள்ள கணிசமான சட்டக் கேள்வி இருப்பதாகவும், அதை உச்ச நீதிமன்றமே தீர்க்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் சான்றளிக்க வேண்டும் என்றது. சொத்தின் விலைக்குக் கிடைத்த உரிமை மறைந்தது. மனிதரின் விடுதலைக்கு உரிமை பிறந்தது. குடியரசு தன் மதிப்பீட்டைச் சட்டமாக எழுதிய தருணம் இது.

சேலம் வழக்கறிஞர்கள் கேட்ட கேள்வி

ஒண்டிக்கடைக்கு அருகே தோட்ட வேலி தொடர்பான தகராறு என்று வைத்துக்கொள்வோம். முதல் மேல்முறையீட்டில் சாட்சியும் சட்டமும் மீண்டும் அலசப்படும். உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு, 1976 திருத்தத்துக்குப்பின், கணிசமான சட்டக் கேள்வி வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1999, 2002ஆம் ஆண்டுகளில் வந்த திருத்தங்கள் இதை மேலும் இறுக்கின. 25,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகையை மீட்கும் வழக்குகளுக்கு இரண்டாம் மேல்முறையீடே இல்லை. தனி நீதிபதி மேல்முறையீட்டில் தந்த தீர்ப்பை அதே உயர் நீதிமன்றத்தின் அமர்வில் எதிர்க்கும் வழியை 100ஏ பிரிவு அடைத்தது.

இத்திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002 அக்டோபரிலும் 2005 ஆகஸ்டிலும் வந்த தீர்ப்புகள் திருத்தங்களை ஏற்றன. எனினும் எதிர்வாதுரை தாக்கல் செய்ய விதித்த 90 நாள் கெடு, விதிவிலக்கான, மிகக் கடினமான நிலைகளில் மட்டும் தளரலாம் என்று இரண்டாம் தீர்ப்பு விளக்கியது. இடைநிலை வழிகள் அடைபடும்போது வழக்காடிகள் 136ஆம் பிரிவை நோக்கியே திரும்புவார்கள் என்பது இதன் தவிர்க்க முடியாத விளைவு.

அங்கே நடப்பது இதுதான். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த 90 நாளுக்குள் மனு தாக்கலாக வேண்டும். பெரும்பாலும் இரு நீதிபதிகள் கேட்பார்கள். அனுமதி கிடைத்தால் மனு மேல்முறையீடாக மாறி, இறுதித் தீர்ப்பில் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு இணைந்துவிடும். காரணம் சொல்லாமல் தள்ளுபடியானால் அந்த இணைப்பு நிகழாது என்று 2000ஆம் ஆண்டு குஞ்ஞயம்மது வழக்கு தெளிவாக்கியது. சேலம் - சென்னை எட்டு வழிச்சாலை வழக்கு அனுமதி பெற்ற மேல்முறையீட்டின் வலிமையைக் காட்டியது: 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்துசெய்த நில எடுப்பு அறிவிக்கைகள் குறித்த தீர்ப்பை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பெருமளவு மாற்றியது.

முடிவுரை

பணமதிப்பு வரம்பு சட்டத்திலிருந்து போய்விட்டது. டெல்லிவரை செல்லும் செலவாக அது இன்னும் வாழ்கிறது. சென்னை அல்லது ஐதராபாத்தில் தென்மண்டல மேல்முறையீட்டு அமர்வு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது. டெல்லிக்கு வெளியே அமர 130ஆம் பிரிவே இடம் தருகிறது. அதைப் பயன்படுத்த வேண்டும். தள்ளுபடியாகும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு பத்தியளவு காரணமும் தர வேண்டும். உரிமையாக இருந்தது அனுமதியாகிவிட்ட பிறகு, மறுக்கப்பட்டவருக்கு எஞ்சும் ஒரே உரிமை ஏன் மறுக்கப்பட்டது என்று அறிவதுதான்.