தென்னார்க்காட்டு நெல்வயல்களும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும்

ஒரு நோய்க்குத் தடுப்பு மருந்து உலகில் எங்கோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதற்கும், அம்மருந்து திண்டிவனம் தாலுகாவில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்துக் குழந்தையின் உடலிற் சென்று சேர்ந்தது என்பதற்கும் இடையே கழியும் காலம் எவ்வளவு, அக்காலம் எக்காரணங்களால் நீண்டது, எவருடைய சிரத்தையால் சுருங்கியது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்குரிய பிரதேசம் பழைய தென்னார்க்காடு ஜில்லா. அதிலும் சிறப்பாக, 1993 செப்டம்பர் 30ஆம் தேதி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான விழுப்புரம். ஆராய்ச்சிக்குரிய நோய், நெல் விளையும் ஊர்களைத் தேடி வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல்.

இதற்கு முன்னுரையாகப் பெரியம்மை நோயின் சரித்திரத்தைச் சற்றே நோக்குதல் வேண்டும். 1798இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் அந்நோயைத் தடுக்கும் முறையை விளக்கித் தம் நூலை வெளியிட்டார்; பாய்மரக் கப்பலும் ஒட்டகமுமே போக்குவரத்துச் சாதனங்களாயிருந்த அந்நாளில், பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைக்குக் கை மாற்றப்பட்டு வந்த அம்மைப்பால், 1802 ஜூன் 14ஆம் தேதி பம்பாயில் ஒரு மூன்று வயதுச் சிறுமியின் கரத்தில் வைக்கப்பட்டு, அதே ஆண்டில் சென்னையையும் எட்டிவிட்டது. ஆயினும் கரையை எட்டிய பால் உட்கிராமங்களுக்குச் செல்லும் வழியில் வெயிலிற் கெட்டது. அதைக் கெடாமல் காக்கும் முறைகளைத் தேடியவர்களுள் ஒருவர் சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி டபிள்யூ. ஜி. கிங்; கிண்டியில் தடுப்புப் பால் தயாரித்த கிங் நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நான்கே ஆண்டுகளில் கடல் கடந்து வந்த மருந்து, நாட்டில் நோயை முற்றிலும் ஒழிக்க 1975 வரை ஆயிற்று. மருந்து வந்து சேர்வது வேறு, மக்களைச் சேர்வது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இடையில் 1939இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், நோய்த் தடுப்பை மருத்துவமனையின் ஓர் அங்கமாக விடாமல் தனித்த அதிகாரிகளின் பொறுப்பாக வகுத்தது. பிற மாநிலங்கள் பல இன்றும் பெறாத இந்த ஏற்பாட்டின் பயனைப் பின்னர்க் காண்போம்.

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக 1955இல் வேலூரில் அடையாளங் காணப்பட்டது. அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பின், 1980களின் தொடக்கம் முதலாக, தென்னார்க்காட்டில் அது ஆண்டுதோறும் தலைகாட்டலாயிற்று. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏரிகள் நிரம்பி, நாற்று நட்ட வயல்களில் நீர் தேங்கி நிற்குங்கால், அந்நீரில் க்யூலெக்ஸ் இனக் கொசுக்கள் கணக்கின்றிப் பெருகுகின்றன. மடையானும் கொக்கும் பன்றியும் தம் இரத்தத்தில் வைரஸைப் பெருக்கிக் கொடுக்க, அவற்றைக் கடித்த கொசு அந்தி நேரத்தில் வீட்டு வாசலில் விளையாடும் குழந்தையையும் கடிக்கிறது. தொற்றியோரிற் பெரும்பாலாருக்கு எந்தத் துன்பமும் இல்லை. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே காய்ச்சல் மூளைக்கு ஏறி வலிப்பு காண்கிறது. ஆனால் அவ்வாறு நோயுற்றோரில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுபோகின்றனர். பிழைத்தோரிலும் பலர் பேச்சோ கைகால் வலிமையோ அறிவுத் தெளிவோ குன்றி வாழ்நாளைக் கழிக்கின்றனர்.

இந்நோயின் விசேஷக் கொடுமை ஒன்று உண்டு. நம் பக்கத்து ஊர்களில் மாடுகள் மிகுதி. இக்கொசு மனிதரைவிட மாட்டையே பெரிதும் நாடும். மாட்டின் உடலிலோ வைரஸ் பெருகுவதில்லை. ஆகவே ஓர் ஊரில் ஒரு குழந்தை, நான்கு கல் தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் இன்னொரு குழந்தை என்று நோய் சிதறித் தோன்றுகிறது. எந்த ஊராரும் அதைக் கொள்ளைநோய் என்று கருதுவதில்லை. எந்தப் பத்திரிகையும் அதைத் தலைப்பில் இடுவதில்லை. தனித்தனியே நிகழ்ந்த இத்துயரங்களை ஒரே நோயின் சுவடுகளாகக் கோத்துப் பார்க்க, ஆண்டு முழுதும் கொசுவைப் பிடித்து, மாட்டுக் கொட்டிலின் அருகே எண்ணி, வைரஸ் உளதா என்று சோதித்துக் குறித்து வைக்கும் பொறுமையான பணியாளர்கள் வேண்டியிருந்தனர். 1975இல் புதுச்சேரியில் நிறுவப்பட்ட நோய்க் கடத்தி ஆராய்ச்சி மையமும், 1985இல் மதுரையில் நிறுவப்பட்டு விருத்தாசலத்தில் களநிலையம் வைத்திருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையமும் இத்துறையில் உழைத்த ஸ்தாபனங்கள். கொள்ளைநோய்க்கு ஆயத்தமாதல் என்று இக்காலத்தில் பேசப்படுவது, என் கருத்தில், முதற்கண் இந்தக் கொசுக் கணக்கே.

நோயின் இயல்பு தெரிந்திருந்தும் மருந்து ஏன் வரவில்லை? சுண்டெலி மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசி ஒன்றை இமயமலைச் சாரலிலுள்ள கசௌலி நிலையம் உற்பத்தி செய்துவந்தது. அது மும்முறை போடவேண்டியது, விலை மிகுந்தது, அளவிலோ மிகச் சொற்பம். சீனத்தில் எஸ்.ஏ. 14-14-2 என்ற எளிய, மலிவான தடுப்பூசிக்கு 1988இலேயே அனுமதி கிடைத்து, அந்நாட்டுக் குழந்தைகள் கோடிக்கணக்கில் அதைப் பெற்றுவந்தனர். 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் நோய் பரவி ஆயிரத்துக்கும் அதிகமானோர், பெரும்பாலும் குழந்தைகள், மாண்ட பிறகே அது இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டது. 2006இல் நான்கு மாநிலங்களைச் சேர்ந்த 11 மாவட்டங்களில், ஒன்று முதல் பதினைந்து வயது வரையிலான சிறாருக்கு அது போடப்பட்டது. அதன்பின் விரிந்த இயக்கத்தில் விழுப்புரமும் இடம்பெற்றது. ஜென்னரின் பால் பாய்மரக் கப்பலில் வர நான்கு ஆண்டுகள்; விமான யுகத்தில், பக்கத்து நாட்டு ஊசி வரப் பதினெட்டு ஆண்டுகள்! 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு முன்தகுதி வழங்கியதால் கவி என்னும் கூட்டமைப்பு ஏழை நாடுகளுக்கு அதை வாங்கித் தர வழி பிறந்து, 2015இல் லாவோஸும் அதன்பின் கம்போடியாவும் பயன்பெற்றன. லாவோஸிலும் கம்போடியாவிலும் உள்ளவை நம் வயல்களை ஒத்த நெல்வயல்களே.

மாவட்டக் கிடங்கு வரை வந்த மருந்து அங்கிருந்து எவ்வாறு செல்கிறது என்பதை அருகிலிருந்து காண்போர் சிலரே. புதன்கிழமை காலையில் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையத்து ஐ.எல்.ஆர். என்னும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த குப்பிகளை ஐஸ் வைத்த வாக்சின் கேரியரில் அடுக்கிப் புறப்படுகிறார். ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒரு வட்டம், அதனுள் ஒரு வெளிர்ச் சதுரம். சூடுபட்டால் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்தை அடையும். அவ்வாறு ஆனதை அவர் போடமாட்டார். மூளைக்காய்ச்சல் மருந்து ஐந்து பேருக்கான பொடியாக இருக்கும். நீர் கலந்தபின் சில மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும். மூன்று குழந்தைகளே வந்திருந்தால் மீதி வீணாகும். இருப்பினும் அம்மூவரைத் திருப்பி அனுப்பாமல் குப்பியைத் திறப்பதுதான் முறை.

இவ்வாறு ஊருக்குள் செல்லும் ஊசி இடையில் ஒருமுறை தடைபட்டது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, கிராமத்தில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் உள்ள நிலையங்களில் மட்டுமே போடுமாறு மாநில அரசு ஆணையிட்டது. அச்சத்தில் பிறந்த அந்த முடிவின் நோக்கம் புரிகிறது. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிச் செல்லவேண்டிய தாய்மாருக்கு அது பெரும் சுமையாயிற்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதம் தமிழ்நாட்டில் 2005-06இல் 80.9 சதவீதமாக இருந்து, 2015-16இல் 69.7 ஆகச் சரிந்து, 2019-21இல் 89ஐத் தாண்டி மீண்டது. சரிவின் காரணங்கள் பலவாயிருக்கலாம். ஊருக்குள் வந்த ஊசி ஊரை விட்டுப் போனதை அவற்றுள் சிறியதாகக் கருத என் மனம் ஒப்பவில்லை. மீட்சிக்குக் கிராமச் செவிலியர்களும், 1939ஆம் ஆண்டுச் சட்ட மரபில் வந்த தனிச் சுகாதாரத் துறையும் உழைத்தது பெரிது.

அதே 2008ஆம் ஆண்டு ஜனவரியில், தர விதிகளைக் காரணங்காட்டி, கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி நிலையம் ஆகிய மூன்று அரசு நிலையங்களின் உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்து, 2010இல்தான் திரும்ப அளித்தது. குறைகளைத் திருத்தாமல் கதவை அடைத்த இச்செயல், நெடுங்காலம் சேர்ந்த கைத்திறனைச் சிதறடித்தது என்பது என் துணிபு. பின்னர்த் திண்டிவனத்திலிருந்து சென்னை செல்லும் பெருஞ்சாலையை அடுத்த செங்கல்பட்டில், திருமணி கிராமத்தில், 594 கோடி ரூபாய்த் திட்டமாக ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் எழுப்பப்பட்டது. 2021 மே மாதத்தில் கோவிட் உச்சத்திலிருந்தபோது முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைப் பார்வையிட்டு, மாநிலத்தின் பொறுப்பில் ஒப்படைக்குமாறு பிரதமரைக் கேட்டுக்கொண்டார். விழுப்புரத்து மக்கள் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுக்கைக்கும் ஊசிக்கும் காத்திருந்த அந்நாட்களில், அவ்வளாகத்திலிருந்து ஒரு குப்பியும் வெளிவரவில்லை. அதை இயக்குவது, இந்த ஜில்லாவின் குழந்தைகள் மத்திய அரசிடம் கேட்கத்தக்க முதற் காரியம்.