துறவி போட்ட தப்புப் பட்டியல்

2-ஐ 2-ஆல் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் 1 கழியுங்கள். 3, 7, 31, 127 கிடைக்கும். நான்கும் பகா எண்கள். ஆனால் நடுவில் வரும் 15-ம் 63-ம் தேறாது. பண்டைக் கிரேக்கக் கணிதர் யூக்ளிட்டுக்கு இவை வேறொன்றுக்குத் தேவைப்பட்டன. 6-ஐ மீதியின்றி வகுக்கும் 1, 2, 3-ஐக் கூட்டினால் 6-ஏ வருகிறது; 28-ம் இந்த ரகம்தான். இத்தகைய எண்ணைச் செய்ய 2ⁿ−1 வடிவில் ஒரு பகா எண் கிடைத்தால் போதும் என்று அவர் நிறுவினார்.

பதினேழாம் நூற்றாண்டுப் பாரிஸில் மாரின் மெர்சென் என்ற துறவி இருந்தார். தெக்கார்த், ஃபெர்மா போன்றோரின் கடிதங்கள் அவர் கைவழியே ஊர் சுற்றின. 1644-இல், 257 வரை எந்த அடுக்குகள் பகா எண் தரும் என்று ஒரு பட்டியலை அச்சிட்டார். 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 விடுபட்டிருந்தன. ஆனாலும் இந்த எண்களுக்கு அவர் பெயரே நிலைத்தது. தப்பான பட்டியல்தான் ஆட்களை வேலை வாங்கும் போலும்!

1876-இல் பிரான்ஸின் எதுவார் லூக்கா 2⁶⁷−1 பகா எண் அல்ல என்று காட்டினார், ஆனால் காரணிகளைச் சொல்லாமலே. அதே ஆண்டு 39 இலக்கம் கொண்ட 2¹²⁷−1 பகா எண்தான் என்றும் கையாலேயே நிறுவினார். விடுபட்ட 61-ஐ 1883-இல் பிடித்தவர் ரஷ்யக் கிராமத்துப் பாதிரியார் இவான் பெர்வுஷின். 1903-இல் நியூயார்க்கில் ஃபிராங்க் கோல், 193707721-ஐ 761838257287-ஆல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டினார். 2⁶⁷−1 வந்தது. வாயே திறக்காமல் போய் உட்கார்ந்தார் என்று கதை உண்டு.

1952-இல் பெர்க்லியின் ராஃபேல் ராபின்சன், தான் கண்ணாலும் பார்த்திராத லாஸ் ஏஞ்சலஸ் கணினிக்கு நிரல் எழுதி அனுப்பினார். முதல் ஓட்டத்திலேயே அது பிழையின்றி ஓடியது. ஜனவரி 30 அன்றே இரண்டு புதிய எண்கள் அகப்பட்டன. 1963-இல் மூன்று கிடைத்த பெருமையை இல்லினாய் பல்கலைக்கழகம் அஞ்சல் முத்திரையாகவே குத்தியது. 1978-இல் கலிஃபோர்னியாவில் 18 வயது மாணவர் இருவர் இன்னொன்றைக் கண்டார்கள்.

1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன், யார் வீட்டுக் கணினியும் சேரலாம் என்று ஜிம்ப்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். அந்தத் திட்டத்தின் நிரல் சில்லுகளைக் கசக்கிப் பிழியும். 2016-இல் இன்டெல்லின் ஸ்கைலேக் சில்லில் ஒரு குறை வெளிப்பட்டதே அதனால்தான். 2015 செப்டம்பரில் திட்டத்தில் இருந்த ஒரு கணினி புதிய எண்ணைக் கண்டும் மின்னஞ்சல் போகவில்லை. 2016 ஜனவரி 7 அன்றுதான் மனிதக் கண்ணில் பட்டது. அதிகாரபூர்வத் தேதியும் அதுதான்.

2024-இல் அதே திட்டத்துக்காக லூக் டுராண்ட் என்பவர் 17 நாடுகளில் வரைகலைச் சில்லுகளை வாடகைக்குப் பிடித்தார். டப்ளினில் இருந்த ஒன்று 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1-ஐக் கண்டது. மறுநாளே டெக்சஸில் இருந்த இன்னொன்று ஆமோதித்தது. 4,10,24,320 இலக்கங்கள். பரிசு 3,000 டாலர். அதைத் தான் படித்த அலபாமா பள்ளிக்குத் தருவதாகச் சொன்னார்.