இல்லத்திற் பிறந்த சித்திரம்

மாத்தளை மாவட்டத்தின் சித்திரப் புகழ் மிகப் பழையது. கி. பி. 5ஆம் நூற்றாண்டிலே, காசியப்ப மன்னன் காலத்திற் சிகிரியாக் குன்றின் பாறையிலே பெண்ணுருவங்கள் தீட்டப்பெற்றன. ஆயினும் அங்கே பெண் சித்திரத்தின் பொருளாக மட்டுமே நிற்கின்றாள். பெண் தானே வரைந்த சித்திரம் எங்கே என்று வினவுவோமாயின், அதற்கு விடை மலைக்குகையில் இல்லை, வீட்டினுள்ளே இருக்கின்றது.

வாசலில் இட்ட கோலமும், தலையணை உறையிற் தைத்த பூவும் அவள் கைவண்ணமே. காலடி பட்டதும் கோலம் அழியும். வெளுக்க வெளுக்கத் துணி நையும். ஆதலின் அவை வரலாற்று ஏடுகளில் இடம்பெற்றில. கல்கத்தாவிலே தாகூர் குடும்பத்திற் பிறந்த சுனயனி தேவி (1875-1962), ஆசிரியர் எவரிடமும் பயிலாது, இல்லறக் கடமைகளுக்கிடையே தூரிகை எடுத்தார். அத்தகைய வீட்டுக்கலை நம் நாட்டிலும் ஒருவர் கையிலே தழைத்தது.

அவர் ஈனா டி சில்வா (1922-2015). மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரை அவர்தம் குடும்பத்தின் ஊர். தந்தையார் சேர் ரிச்சட் அலுவிகாரை, பொலிஸ் மா அதிபர் பதவியை வகித்த முதல் இலங்கையர். 1960ஆம் ஆண்டையொட்டி, மகன் அனிலுடனும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவுடனும் சேர்ந்து, ஈனா பத்திக் கலையிலே ஈடுபட்டார்.

பத்திக் என்பது மெழுகினால் வரையும் சித்திரமாகும். உருக்கிய மெழுகைத் துணியிற் கோடாக இழுத்துச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு படிந்த இடத்திற் சாயம் ஏறாது. பின்னர் கொதிநீரில் மெழுகை நீக்குவர். வண்ணந்தோறும் இவ்வாறே மீண்டும் செய்தல் வேண்டும். சமையலைப் போன்றே இதற்கும் அடுப்பும், பாத்திரமும், பொறுமையும் வேண்டும்.

குடும்பத்தினரிடையே தொடங்கிய இக்கலை, கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் விதானத்தை அணிசெய்தது. 1982இல் திறக்கப்பெற்ற கோட்டைப் பாராளுமன்றத்திலும் ஈனாவின் கொடிகள் இடம்பெற்றன.

இத்துணைப் புகழ் எய்திய பின்னரும், 1980களில் அவர் அலுவிகாரைக்கே மீண்டார். அங்கே கிராமத்துப் பெண்கள் பத்திக், பூத்தையல் ஆகியவற்றால் ஊதியம் பெறுதற்கு வழிவகுத்தார். தச்சுவேலையும் பித்தளை வார்ப்பும் உடன் வளர்ந்தன.

கி. மு. முதலாம் நூற்றாண்டிலே, வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் அழிந்துபோகாவண்ணம் ஓலையில் எழுதப்பெற்ற ஊர் அலுவிகாரை என்பர். அவ்வூரிலேயே, வீட்டோடு மறைந்துபோகக்கூடிய பெண்களின் கைத்திறன், கற்றுக்கொடுக்கும் தொழிலாகி நிலைபெற்றது. ஓலையிற் பதிந்த எழுத்துக்கு அளிக்கும் மதிப்பை, துணியிற் பதிந்த கோட்டுக்கும் அளித்தல் வரலாற்றாசிரியரின் கடன் அன்றோ?