கிலாவேயாவின் விருந்தினர் ஏடு

ஹவாய்த் தீவுக்குப் போய் எரிமலைத் தேசியப் பூங்காவைப் பார்த்துவர எண்ணுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, தீக்குழம்பு இப்போது கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைத்தான். ஹீலோ துறைமுகத்தில் இறங்கிக் குதிரை ஏறி, முப்பது மைல் காட்டுவழி நனைந்து வந்த பழைய பிரயாணிகளும் இதையேதான் கேட்டார்கள். அவர்களுக்கு விடை சொல்லக் கிலாவேயா எரிமலையின் விளிம்பில் ஒரு புத்தகம் இருந்தது.

அந்தப் புத்தகத்துக்கும் முந்தியது ஒரு வழக்கம். 1823 ஆகஸ்டில் வில்லியம் எல்லிஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் கூட்டத்தாரோடு கால்நடையாக அங்கே வந்து சேர்ந்தபோது, பசியும் தாகமும் மேலிட்டு, பாதையோரத்தில் காய்த்துக் கிடந்த ஓஹேலோக் கனிகளைப் பறிக்கக் கை நீட்டினார்கள். உடன் வந்த தீவுவாசிகளோ, அக்கினி தேவியான பேலேக்குப் படைக்காமல் உண்டால் விபரீதம் நேரும் என்று மன்றாடினார்கள். பிறகு அவர்கள் கனியோடு கூடிய கிளைகளை ஒடித்துக்கொண்டு, புகை மிகுதியாக எழுந்த திசையை நோக்கி நின்று, ஒரு பாதியை அந்தப் பாதாளத்துக்குள் வீசி, இது உன் பங்கு என்று தேவியிடம் சொல்லிவிட்டு, மறுபாதியைத் தின்றார்கள். தாம் நிற்கும் மண் பிறர் வீடு என்ற உணர்வோடு ஓரிடத்துக்குள் நுழைவதற்கு இதைவிடச் செம்மையான முறை எனக்குத் தெரியவில்லை. மறு ஆண்டிலேயே, கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய கபியோலானி என்னும் தலைவி, படைக்காமலே அக்கனிகளைத் தின்று, அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பிரார்த்தனை செய்து மீண்டாள். அவளுடைய தைரியத்தையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. அஞ்சுவதற்கு அங்கே எதுவும் இல்லாதிருந்தால் அவள் அத்தனை தூரம் நடந்து வந்திருக்க வேண்டியதே இல்லை.

1846-இல் விளிம்பில் புல் வேய்ந்த ஒரு குடிசை எழுந்தது. அதுவே வால்கேனோ ஹவுஸ் என்ற விடுதியின் ஆரம்பம். அந்த விடுதியில் 1865-இல் ஓரமெல் குலிக் என்ற பாதிரியார் ஒரு வெற்று ஏட்டை வைத்து, வருகிறவர்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், எரிமலையில் தாங்கள் பிரத்தியட்சமாகக் கண்டதையும் குறித்து வைக்குமாறு வேண்டிக்கொண்டார். எளிய யோசனைதான், ஆனால் அதன் பயனோ பெரிது. வணிகரும் மாலுமியும், மணமாகி வந்த தம்பதிகளும், குளிரில் விறைத்த விரல்களோடு கணப்பின் அருகே அமர்ந்து, ஹாலேமாவுமாவுக் குழியில் குழம்பு எவ்வளவு உயர்ந்திருந்தது, எந்தப் பக்கம் வழிந்தது, இரவில் நிலம் எத்தனை முறை அதிர்ந்தது என்று எழுதினார்கள். சிலர் படமும் வரைந்தார்கள். 1866-இல் அங்கே தங்கிய மார்க் ட்வெயின் தம் அனுபவத்தைப் பத்திரிகைக் கடிதமாக எழுதிப் புகழ் பெற்றார். பெயர் பெறாதவர்கள் எழுதிய வரிகளையோ, விஞ்ஞானக் கருவி எதுவும் அந்த விளிம்பில் நிலைபெறாத காலத்தின் சான்றாகப் பிற்கால ஆய்வாளர்கள் தேடிப் படித்தார்கள்.

கருவிகள் 1912-இல் வந்தன. தாமஸ் ஜாகர் என்ற நிலவியல் பேராசிரியர் அவ்வாண்டு விளிம்பிலேயே ஆய்வுநிலையத்தை ஸ்தாபித்துத் தம் வாழ்நாளை அதற்கு ஒப்படைத்தார். பத்திரிகை அதிபர் லோரின் தர்ஸ்டனும் அவரும் ஓயாமல் வற்புறுத்தியதன் பலனாக, 1916 ஆகஸ்டு 1 அன்று அந்த எரிமலைப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. அக்காலத்து உல்லாசப் பிரயாணிகள் குழம்பு ஆறாத பிளவுகளின் மேல் அஞ்சலட்டையைப் பிடித்து, ஓரம் கருகியதும் ஊருக்கு அனுப்பினார்கள். படித்த கையில் சாம்பல் ஒட்டும் கடிதம் அது.

ஆயினும் எரிமலை யாருடைய பயணத் திட்டத்துக்கும் இசைந்து நடப்பதன்று. 1924-இல் தீக்குளம் வடிந்து மறைந்தது. மே மாதத்தில் நீராவி வெடித்துப் பாறைகளை வாரி இறைத்து, ஒருவர் உயிரையும் கொண்டது. குழியின் குறுக்களவு ஏறத்தாழ இரட்டித்தது. 2018-இல் உச்சிப் பள்ளத்தின் தரை மீண்டும் இடிந்து தாழ்ந்தபோது, ஜாகரின் பெயர் தாங்கிய காட்சிசாலையும் சேதமுற்று மூடப்பட்டது. ஆதலால் அங்கே போகிறவர் புறப்படும் அன்று காலையிலும் அறிவிப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மழைக்கும் குளிருக்கும் உடை வேண்டும். ஒரு நாள் கூடுதலாகவும் வேண்டும். சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றும் எடுத்துப் போகலாம். வால்கேனோ ஹவுஸுக்காக 1877-இல் கட்டிய மர விடுதி இன்று கலைக்கூடமாக நிற்கிறது. நெருப்பு தெரியாத நாட்களிலும் விளிம்பின் பிளவுகளிலிருந்து நீராவி எழுந்து முகத்தில் படும். அங்கே, கறுத்துக் கிடக்கும் பாறை இடுக்கில், ஓஹேலோ இன்னும் சிவப்பாகக் காய்க்கிறது.