மாறன்: பொருநைக் கரையில் ஒரு பெயரின் வரலாறு

மாறன் என்ற பெயரைக் கேட்டதும் இன்றைய வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் அரசியல் குடும்பமாக இருக்கும். இல்லையெனில் ஒரு திரைப்படமாக இருக்கும். இலக்கியப் பயிற்சி உடையவருக்குப் பாண்டியர் நினைவு வரும். வைணவ இல்லத்தில் பிறந்தவருக்கு நம்மாழ்வார் நினைவு வரும். இம்மூன்றும் ஒரே பெயரின் மூன்று காலங்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் வழங்கிவரும் ஆண்பால் இயற்பெயர் இது. அதன் வரலாற்றின் பெரும்பகுதி தாமிரபரணிப் படுகையோடு பிணைந்து கிடக்கிறது. ஆயினும் அந்தப் படுகையிலேயே அப்பெயர் நெடுங்காலம் வழக்கொழிந்து கிடந்தது. ஏன் என்று தேடினால், பெயர்கள் எவ்வாறு வாழ்கின்றன, எவ்வாறு மறைகின்றன என்பது குறித்துச் சில செய்திகள் கிடைக்கின்றன.

முதலில் எழுத்து. மாறன் வேறு, மாரன் வேறு. இடையின ரகரம் பெற்ற மாரன், வடமொழி வழி வந்த மன்மதன். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவனாகப் பௌத்த நூல்கள் சொல்லும் மாரனும் அவனே. வல்லின றகரம் பெற்ற மாறன் தமிழ்ச் சொல். மாறு என்னும் அடிக்குப் பகை, எதிர், ஒப்பு, வேறுபாடு எனப் பல பொருள்கள் உண்டு. பகைவனை மாற்றான் என்கிறோம். பகைவர்க்கு எதிர்நிற்பவன் என்று பொருள் கொண்டால் அது அரசனுக்குப் பொருந்தும். பிறரினும் வேறுபட்டவன் என்று கொண்டால் அது அருளாளனுக்குப் பொருந்தும். இந்த இரட்டைப் பொருள்தான் அப்பெயரின் பிற்காலப் பயணத்திற்கு வழி வகுத்தது எனலாம். பேச்சில் இன்று இரு எழுத்துக்கும் வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆங்கில எழுத்திலோ அறவே இல்லை. ஆகவே மன்மதனும் பாண்டியனும் இன்று ஒரே எழுத்துக்கூட்டலில் கலந்துவிடுகின்றனர்.

சங்கப் பாடல்களில் பாண்டியர்க்கு வழுதி, செழியன், மாறன் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. புறநானூற்றில் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்று மூவரைக் காண்கிறோம். துஞ்சிய என்றால் இறந்த என்பது பொருள். ஓர் அரசனை அவன் உயிர்நீத்த இடத்தைக் கொண்டு அடையாளப்படுத்த வேண்டிய தேவை எப்போது எழும்? ஒரே பெயரில் பலர் இருக்கும்போதுதான். நன்மாறன் என்று மட்டும் சொன்னால் எந்த நன்மாறன் என்ற ஐயம் எழும் அளவுக்கு அப்பெயர் அக்குடியில் பெருகியிருந்தது.

இப்பெருக்கத்திற்குக் காரணம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். இடைக்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் இது தெளிவாகத் தெரிகிறது. மாறஞ்சடையன் என்று ஒருவர் வருகிறார். சடையமாறன் என்று மற்றொருவர் வருகிறார். முன்னது மாறன் மகன் சடையன்; பின்னது சடையன் மகன் மாறன். தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக அமைந்த தொடர்கள் இவை. இன்று நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவதும் இதன் சுருக்கமே. ஐஸ்லாந்து நாட்டில் இன்றளவும் குடும்பப்பெயர் என்பது பெரும்பாலோர்க்கு இல்லை. தந்தை பெயரோடு மகன் அல்லது மகள் என்னும் ஒட்டைச் சேர்த்தே அழைக்கின்றனர். 13ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஸ்நோரி ஸ்துர்லுசன் என்றால் ஸ்துர்லாவின் மகன் ஸ்நோரி என்பதே பொருள். அத்தீவினர் தம் பழம்பெயர்களைக் காக்க 1991இல் சட்டப்படி ஒரு பெயர்க் குழுவையே அமைத்தனர். நம்மிடம் அத்தகைய குழு இல்லை, கல்வெட்டுகள் இருக்கின்றன.

பிற்காலப் பாண்டியர் காலத்தில் மாறவர்மன், சடையவர்மன் என்பவை மாறி மாறி வரும் அரியணைப் பெயர்கள் ஆயின. இங்கே ஒரு நுட்பம் உண்டு. வடமொழிப் பகுதிகளில் சடையன் என்ற பெயரை ஜடிலன், ஜடாவர்மன் என மொழிபெயர்த்தனர். சடை என்பதற்கு நேர்ச்சொல் கிடைத்தது. மாறன் என்பதற்கோ நேர்ச்சொல் கிடைக்கவில்லை. ஒலியை மட்டும் பெயர்த்து மாரவர்மன் என்றனர். 9ஆம் நூற்றாண்டில் இலங்கை மீது படையெடுத்த பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் பெயரிலும் இதே நிலை. மொழிபெயர்க்க இயலாத தமிழ்ப்பெயர் ஒன்று, மேலே வடமொழி அடைகளைப் பூண்டு, உள்ளே தானாகவே நின்றது.

இனி நெல்வேலிக்கு வருவோம். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரிகேசரி மாறவர்மன், நெல்வேலிப் போரில் வென்றதை வேள்விக்குடிச் செப்பேடு குறிக்கிறது. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் அதே நெல்வேலி வெற்றியோடு போற்றப்படும் நின்றசீர் நெடுமாறன் இவரே என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர் கருத்து. பாண்டிக்கோவையின் பாட்டுடைத் தலைவனும் நெடுமாறனே. அந்த நெல்வேலி நம் திருநெல்வேலியா, வேறோர் ஊரா என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். ஆனால் தொண்டர் வரிசையில் இந்த அரச மாறனுக்கு அருகே இன்னொரு மாறன் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர் இளையான்குடி மாறனார். உழவர். வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் இரவில் வந்த அடியார்க்கு உணவிட, பகலில் விதைத்த நெல்லைச் சேற்றிலிருந்து வாரிக் கொணர்ந்தவர் என்று பெரியபுராணம் கூறும். அறுபத்து மூவருள் ஒரு மாறன் முடி சூடியவர். மற்றொரு மாறன் முளைநெல் சுமந்தவர். அப்பெயர் அரண்மனைக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பாண்டிய நாட்டுக்கு வெளியிலும் பெயர் பரவியிருந்தது. தஞ்சைக்கு அருகிலுள்ள செந்தலைத் தூண் கல்வெட்டுகள் முத்தரையர் மூன்று தலைமுறையைச் சொல்கின்றன: குவாவன் மாறன், அவர் மகன் மாறன் பரமேசுவரன், அவர் மகன் சுவரன் மாறன். பெயரன் என்ற சொல்லின் பொருளை விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

8ஆம் நூற்றாண்டில் தாமிரபரணிச் சீமையிலிருந்து மதுரை அரசவை வரை உயர்ந்த ஒருவர் மாறன் காரி. களக்குடி நாட்டுக் கரவந்தபுரத்தைச் சேர்ந்தவர், வைத்திய குலத்தவர். பாண்டியன் நெடுஞ்சடையனின் உத்தரமந்திரி. மதுரகவி என்பது அவருடைய மற்றொரு பெயர். கரவந்தபுரம் என்பது திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள இன்றைய உக்கிரன்கோட்டை. மதுரையை அடுத்த ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்தவர் இவர். கோயிலுக்கு நீர் தெளிக்கும் முன்பே இறந்துபோனார். அவருக்குப்பின் உத்தரமந்திரியான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை நிறைவு செய்தார். கலியாண்டு 3871, அதாவது கி.பி. 770 என்று அங்குள்ள கல்வெட்டு காலத்தையும் தருகிறது. மாறன் காரி, மாறன் எயினன் என்னும் பெயர்களிலிருந்து தந்தை பெயர் மாறன் என்பது விளங்கும். வேறு சான்று ஏதும் இல்லாத ஒரு மனிதர், பிள்ளைகள் இருவரின் பெயருக்கு முன்னால் நின்று நமக்குத் தெரியவருகிறார்.

இங்கேதான் ஒரு பழைய வழக்கு எழுகிறது. தாமிரபரணியின் தென்கரையில் திருக்குருகூரில் தோன்றிய நம்மாழ்வாரின் தந்தை காரி, மகன் மாறன். தம் பாடல்களில் ஆழ்வார் தம்மைச் சடகோபன் என்றும் மாறன் என்றும் காரிமாறன் என்றும் குறிக்கிறார். அவருடைய சீடர் திருக்கோளூர் மதுரகவி. ஒருபுறம் மாறன் காரி என்னும் மதுரகவி. மறுபுறம் காரிமாறனும் மதுரகவியும். பாட்டன் மாறன், மகன் காரி, பேரன் மாறன் என்று கோத்துவிட ஆசை எழுவது இயல்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டி.ஏ. கோபிநாதராவ் முதலிய ஆய்வாளர் இவ்வாறு இணைத்து ஆழ்வாரின் காலத்தைக் கணிக்க முயன்றனர். ஆனால் இதுவரை நாம் பார்த்த சான்றுகளே இந்த முடிச்சைத் தளர்த்துகின்றன. பாட்டன் பெயர் பேரனுக்குச் செல்லும் நாட்டில், ஒரு படுகைக்குள் காரியும் மாறனும் பல குடும்பங்களில் இருந்திருக்க முடியும். உத்தரமந்திரியின் ஊர் கரவந்தபுரம். ஆழ்வாரின் ஊர் குருகூர். குலமும் ஒன்றன்று, மரபு ஆழ்வாரை வேளாளர் என்கிறது. பெயர் ஒற்றுமை ஒரு குறிப்பு ஆகலாம், சான்று ஆகாது. ஆழ்வார் பாடிய வரகுணமங்கை, சிரீவரமங்கை போன்ற ஊர்ப்பெயர்களைப் பாண்டியர் பெயர்களோடும் செப்பேடுகளோடும் ஒப்பிட்டுக் காலம் காண முயல்வது இதனினும் உறுதியான வழி. ஆட்பெயர் தலைமுறைதோறும் திரும்ப வரும். ஊர்ப்பெயர் அவ்வாறு எளிதில் திரும்புவதில்லை.

ஆழ்வாருக்கு மாறன் என்ற பெயர் அமைந்ததற்கு வைணவ மரபு வேறு காரணம் சொல்கிறது. பிறந்த குழந்தை அழவில்லை, பாலுண்ணவில்லை. உலகியலுக்கு மாறாக இருந்தமையால் மாறன் என்றனர். பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் மௌனமாக வீற்றிருந்ததாகவும் அம்மரபு கூறும். பாண்டியனின் பெயரை வழுதிநாட்டுக் குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு இட்டிருக்கலாம் என்று வரலாறு சொல்லும் இடத்தில், மரபு அதே சொல்லின் இன்னொரு பொருளை எடுத்துக்கொண்டது. எதிர்நிற்பவன் வேறுபட்டவன் ஆனான். அதன்பின் பெயர் முடியாட்சியைச் சார்ந்து நிற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரியில் வாழ்ந்த திருக்குருகைப் பெருமாள் கவிராயர் அணி இலக்கணம் எழுதி அதற்கு மாறன் அலங்காரம் என்று பெயரிட்டார். அகப்பொருளுக்கு மாறன் அகப்பொருள். ஒரு குழந்தையின் பெயர் இலக்கண நூலின் பெயர் ஆயிற்று.

ஆனால் போற்றுதலே பெயரை மறைக்கவும் செய்தது. வைகாசித் திருவிழாவில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் கருடன் மீது எழுந்தருளும் அந்த ஊரில், குழந்தைகளுக்கு வைத்த பெயர்கள் சடகோபன், பராங்குசம், நம்மாழ்வார், ஆழ்வார் என்பவையே. இயற்பெயரை விடச் சிறப்புப் பெயரே மதிப்புக்குரியது என்பது நம்மவர் எண்ணம். வீட்டு வழக்கமும் இதற்குத் துணை நின்றது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. கணவன் பெயரைப் பாட்டி சொல்லமாட்டாள். பேரனுக்குப் பாட்டன் பெயரை முறைப்படி இட்டுவிட்டு, கூப்பிட வேறொரு பெயரைத் தேடினர். அப்படிக் கூப்பிட்ட பெயரே பல வீடுகளில் நிலைத்தது. சிற்றரசரும் பேரரசரும் போனபின், மாறன் என்பது கொற்கைக்கு அருகிலுள்ள மாறமங்கலம் போன்ற ஊர்ப்பெயர்களிலும் பாசுரங்களிலும் மட்டும் தங்கியது.

20ஆம் நூற்றாண்டில் அது திரும்பி வந்தது. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பின்னர் திராவிட இயக்கமும் பழம்பெயர்களை மீண்டும் புழக்கத்துக்குக் கொணர்ந்தன. திருக்குவளையில் 1934இல் தியாகராஜசுந்தரமாகப் பிறந்தவர் முரசொலி மாறன் ஆனார். 2003இல் அவர் மறைந்தார். அவர் சூடிய பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராக அமைந்தது. தந்தை பெயர் முன்னால் நின்ற மரபில், அது மேலைநாட்டு முறைப்படி பின்னால் சென்று நின்றது. நெடுமாறன், இளமாறன், வெற்றிமாறன் எனப் பெயர்கள் பெருகின. 2020இல் வெளிவந்த சூரரைப் போற்று படத்தின் நாயகன் நெடுமாறன். 2022இல் மாறன் என்றே ஒரு படம் வந்தது. பரிதிமாற்கலைஞர் என்னும் பெயரையும் சிலர் இவ்வரிசையில் சேர்ப்பதுண்டு. அது பொருந்தாது. சூரியநாராயண சாஸ்திரி என்பதன் தமிழாக்கமாகிய அதில் இருப்பது மால். கலைஞர் என்ற சொல்லோடு புணர்ந்தபோது லகரம் றகரமாயிற்று.

இந்த மீட்பு மகிழ்ச்சி தருவதே. ஆனால் மீண்டு வந்த மாறன் பெரும்பாலும் பாண்டிய மாறன்; வென்றவன், முடி புனைந்தவன். விதைநெல்லை வாரிய மாறனாரையும், எடுத்த கோயிலை முழுதும் காணாது மறைந்த அமைச்சனின் தந்தையையும், மரத்தடியில் வாய்திறவாது இருந்த பிள்ளையையும் அப்பெயரோடு யாரும் நினைப்பதில்லை. ஒரு பெயரை அரசர் மட்டும் தாங்கியிருந்தால் அது அரசோடு போயிருக்கும். பிறப்புச் சான்றிதழுக்குப் பெயர் தேடி எண்கணிதப் புத்தகத்தைப் புரட்டும் பெற்றோர் நம் மாணவரிடையேயும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: உங்கள் ஊர்க் கோயிலின் கல்வெட்டு வாசகங்களை ஒருமுறை பாருங்கள், கொடை கொடுத்தவர், விளக்கு வைத்தவர், சாட்சி நின்றவர் என வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று உங்கள் பாட்டனின் பாட்டனுக்கு உரியதாகவும் இருந்திருக்கலாம்.