சாலைக்கும் கடலுக்கும் நடுவே

முத்துக்குளித்துறையின் ஏழு கடல்துறைகளில் ஒன்று நம் வேம்பார். இங்கே பழைய காலத்து வீடுகள் கடலையும் கோயிலையும் பார்த்தே எழுந்தன. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு எல்லோருக்கும் சாலையோர மனையின் மீதுதான் கண். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் ‘அலிஞ்மான்’ என்ற சொல் எனக்குப் பழக்கம். வீட்டு முகப்பு எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அரசு குறித்துக் கொடுப்பதே அது. பிரான்சில் நான்காம் ஹென்றி மன்னர், அமைச்சர் சுல்லியின் முயற்சியால் 1607-லேயே இதை ஆணையாக்கினார். அரசுச் சாலையோரம் அனுமதியின்றிக் கட்டுவதும், திண்ணையோ மாடமோ சாலைக்குள் நீட்டுவதும் அன்றே குற்றம்.

மோட்டார் வண்டி வந்ததும் கவலை வேறானது. ஊரைவிட்டு ஊர் செல்லும் சாலையின் இருபுறமும் நாடா போல வீடுகள் நீண்டன. இங்கிலாந்து 1935-ல் சட்டம் போட்டு, முக்கியச் சாலையின் நடுவிலிருந்து 220 அடிக்குள் அனுமதியின்றிக் கட்டத் தடை விதித்தது. பிரான்சு 1995-ல், ஊருக்கு வெளியே அதிவேகச் சாலையின் நடுவிலிருந்து 100 மீட்டரும், பெருஞ்சாலைக்கு 75 மீட்டரும் விடச் சொன்னது.

நம் நாட்டில் 1934-ல் தொடங்கிய இந்தியச் சாலைக் காங்கிரஸ் இரண்டு கோடுகளை வகுத்தது. திறந்தவெளிப் பகுதியில் தேசிய நெடுஞ்சாலையின் நடுவிலிருந்து 40 மீட்டர் வரை கட்டிடம் கூடாது. இது கட்டிடக் கோடு. அதற்கப்பால் 75 மீட்டர் வரை கட்டுப்பாட்டுடன் கட்டலாம். இது கட்டுப்பாட்டுக் கோடு. ஊர்க் குடியிருப்புக்குள் இந்த அளவு வெகுவாகக் குறையும். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001 நம் மாநிலச் சாலைகளுக்கும் இந்தக் கோடுகளைக் கொண்டுவந்தது. நாளை சாலையை அகலப்படுத்த இடம் வேண்டும், வளைவில் எதிரே வருவது தெரிய வேண்டும், வாசலில் விளையாடும் பிள்ளை லாரியில் அடிபடக் கூடாது. காரணங்கள் இவைதான்.

கடற்கரை ஊருக்கு இன்னொரு கோடும் உண்டு. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டரைக் கட்டுப்பாட்டில் வைத்தது. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டிடம் கூடாது என்றது. பிறகு 2011-லும் 2019-லும் மீனவர் குடியிருப்புக்காகச் சில தளர்வுகள் வந்தன. ஆக, ஒரு பக்கம் கடல் தள்ளுகிறது, மறுபக்கம் சாலை தள்ளுகிறது. நடுவில் நிற்பவன் கடற்கரைக் குடும்பத்தான்.

அலுவலகத்தில் நான் அடிக்கடி கேட்ட வார்த்தை: “பட்டா என் பேரில் இருக்கு, தடுக்க நீங்க யாரு?” பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், அதில் கட்டலாமா என்று சொல்லாது. மனை விற்பவர் இதை வாய்திறந்து சொல்வதில்லை. பாதிக்கப்படுவது, வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கியவரும், மகள் கல்யாணத்துக்கு முன் வீடு முடிக்க நினைத்தவரும்தான்.

சட்டத்தில் குறையில்லை என்பது என் கருத்து. குறை, கோடு காகிதத்தில் மட்டும் இருப்பது. சர்வே கல்லைப் போல அந்தக் கோட்டுக்கும் தரையில் கல் நட்டால் பாதி வழக்குகள் எழாது. அதுவரை, வானம் தோண்டுவதற்கு முன் சாலையின் ஓரத்திலிருந்து அல்ல, நடுவிலிருந்து டேப் பிடித்து அளந்து பாருங்கள். நெடுஞ்சாலைத் துறையின் தடையில்லாச் சான்றை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.