விமானந்தாங்கிகளாக மாறிய கப்பல்கள்

திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடி மலையடிவாரத்தில் ஓடும் கல்லாறு, வாமனபுரம் ஆற்றோடு கலந்து அரபிக்கடலை நாடிச் செல்கின்றது. கல்லாறு கடல் காணாத மலையூரே. எனினும் கடற்காவல் அவ்வூராருக்கும் அயலான செய்தியன்று. கடலைக் காக்கும் கப்பல்களுக்கு நம் அனைவருடைய வரிப்பணமும் சேர்ந்தே செலவாகின்றது. ஆகவே, ஹெலிகாப்டர்களுக்கென அமைந்த கப்பலொன்றை விமானந்தாங்கிக் கப்பலாக மாற்றுதல் சிக்கனமாகுமா என்னும் வினா நம் எல்லோர்க்கும் உரியது. இவ்வினா அண்மையில் ஜப்பானில் எழுந்தது. நம் கடற்படையின் வரலாற்றிலோ, இதற்கு இருவேறு விடைகள் முன்னரே எழுதப்பட்டுள்ளன.

முதலில் ஜப்பானைக் காண்போம். போரைத் துறந்த அரசியல் சட்டத்தையுடைய அந்நாடு, 2015இல் இஸுமோ, 2017இல் காகா என்னும் இரு பெருங்கப்பல்களைப் படையிற் சேர்த்தது. ஒவ்வொன்றும் 248 மீட்டர் நீளமுடையது. மேற்றளம் முழுவதும் சமதளம். ஆயினும் ஹெலிகாப்டர்களே அவற்றில் இயங்கின. ஏட்டில் அவை நாசகாரிக் கப்பல்கள் என்றே பதிவாயின. 2018 டிசம்பரில் அவற்றை எஃப்-35பி என்னும் போர்விமானத்திற்கு ஏற்பத் திருத்துவதென ஜப்பானிய அரசு முடிவு செய்தது. சொற்களைப் பெயர்த்தெழுதும் தொழிலினராகிய நாம் ஒன்றை அறிவோம்: பெயரை மாற்ற ஒரு துளி மை போதும், பொருளை மாற்றுதல் அத்துணை எளிதன்று.

அது ஏன் என்று பார்ப்போம். ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே எழும். நின்ற இடத்திலேயே இறங்கும். போர்விமானமோ எழுவதற்கு வேகமும், இறங்கியபின் நிற்பதற்குத் தடையும் வேண்டுவது. குறுகிய தளத்தில் விமானத்தை எழுப்ப மூன்று வழிகள் உண்டு. நீராவிப் பொறியால் உந்தி எறிதல் ஒன்று. முகப்பை மேல்நோக்கி வளைத்து, அச்சரிவின்மீது ஓடவிடுதல் மற்றொன்று. சிறிது தூரம் ஓடி எழுந்து, செங்குத்தாக இறங்கவல்ல விமானத்தையே தேர்ந்துகொள்ளுதல் மூன்றாவது. ஜப்பான் கொண்டது இம்மூன்றாம் வழி. இதில் இறங்கும் விமானத்தின் அனல்மூச்சு நேரே தளத்தின்மேல் வீசும். ஆதலின் தளத்திற்கு வெப்பம் தாங்கும் பூச்சு வேண்டியதாயிற்று. காகாவின் குறுகலான முகப்புத் தளமும் அகன்ற நாற்கோணமாக்கப்பட்டது. 2021 அக்டோபரில் அமெரிக்க விமானங்கள் இஸுமோவில் இறங்கிக் காட்டின. 2024இல் கலிபோர்னியாவை அடுத்த கடலில் காகாவின் சோதனை நிகழ்ந்தது. இதே காகா என்னும் பெயரைத் தாங்கிய பழைய கப்பலும், போர்க்கப்பலாகத் தொடங்கப்பெற்று, 1928இல் விமானந்தாங்கியாக முடிக்கப்பட்டதே. 1942இல் மிட்வே போரில் அது மூழ்கியது.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள், இலங்கையின் மட்டக்களப்புக்கு அப்பால், ஜப்பானிய விமானங்கள் பிரிட்டிஷ் விமானந்தாங்கியான ஹெர்மீஸை மூழ்கடித்தன. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்பெயரைப் பின்னர் ஏற்ற கப்பல் 1959இல் பணியில் அமர்ந்தது. உந்துபொறியும் தடைக்கம்பிகளும் அதிலிருந்தன. காலப்போக்கில் விமானங்கள் பெருத்தன, கப்பல் சிறிதாயிற்று. எனவே 1971 முதல் 1973 வரை அவ்வுறுப்புகள் நீக்கப்பட்டு, அது ஹெலிகாப்டர் தாங்கியாயிற்று. குறுகிய ஓட்டத்தில் எழும் சீ ஹாரியர் விமானம் வந்ததும், 1980இல் தொடங்கிய பணியில் 12 பாகைச் சரிவொன்று முகப்பில் எழுப்பப்பட்டது. மறுபடியும் அது விமானந்தாங்கியாயிற்று. 1982 பாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் அணியின் தலைமைக் கப்பல் அதுவே. 1987 மே 12ஆம் நாள் அது விராட் என்னும் பெயரோடு நம் கடற்படையிற் சேர்ந்து, 2017 மார்ச் வரை உழைத்தது. நமது முதல் விக்ராந்தும் உந்துபொறியை இழந்து, சீ ஹாரியருக்கென இத்தகைய சரிவைப் பெற்றதே.

மற்றோர் விடை விக்கிரமாதித்யா. பாக்கு என்னும் பெயரில் 1987இல் சோவியத் கடற்படையிற் சேர்ந்த அக்கப்பலின் முன்பாதி ஏவுகணைகளுக்கு இருப்பிடம். பின்பாதி ஹெலிகாப்டர்களுக்கும், செங்குத்தாக எழும் விமானங்களுக்கும் உரியது. நாம் வேண்டியதோ மிக்-29கே. அது ஓடி எழுவது. கம்பியைப் பற்றி நிற்பது. ஆதலின் ஏவுகணைகள் அகற்றப்பட்டன, தளம் முகப்புவரை நீட்டப்பட்டு, 14 பாகைக்கு மேற்பட்ட சரிவு அமைக்கப்பட்டது, தடைக்கம்பிகள் பொருத்தப்பட்டன. 2004இல் 97 கோடி டாலர் அளவில் முடிவான செலவு, 2010இல் 230 கோடி டாலருக்கும் மேலாயிற்று. 2008இல் வரவேண்டிய கப்பல் 2013 நவம்பரிலேயே நம் கொடியை ஏற்றது. 2012இல் நடந்த கடற்சோதனையிற் கொதிகலன்களின் காப்புச்செங்கற்கள் பழுதுற்றதும் காலத்தாழ்வுக்கு ஒரு காரணம். பழைய கப்பலுக்கு இத்துணை விலையா என 2009இலேயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் குறை கூறினார்.

இவ்விரண்டையும் சீர்தூக்கினால் உண்மை விளங்கும். விராட்டில் கப்பலுக்கேற்ற விமானம் கிடைத்தது, மாற்றம் சிறிதாயிற்று. விக்கிரமாதித்யாவில் விமானத்திற்கேற்பக் கப்பலையே மாற்ற நேர்ந்தது. தளத்தை நீட்டத் தொடங்கிய பணி கப்பலின் உள்ளுறுப்புகள்வரை பரவியது. ஜப்பான் செல்வது விராட்டின் பாதை. ஆயினும் அப்பாதைக்கும் ஒரு விலை உண்டு. ஒரே வகை விமானத்தை நம்பிய கப்பல், அவ்விமானத்தின் ஆயுளோடு கட்டுண்டது. சீ ஹாரியர் 2016இல் ஓய்வு பெற்றது. மறு ஆண்டே விராட்டும் ஓய்ந்தது. உந்துபொறி இன்மையால், தொலைவிலேயே பகையை அறிவிக்கும் கனத்த விமானமும் இத்தகைய கப்பலில் எழ இயலாது. அப்பணியை ஹெலிகாப்டரே இயன்றவரை செய்தல் வேண்டும்.

கல்லாற்றிலிருந்து வடக்கே, அதே கேரளக் கடற்கரையில், கொச்சித் தளத்தில் 2009இல் அடிக்கட்டை இடப்பெற்ற புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2ஆம் நாள் படையிற் சேர்ந்தது. அதற்கும் பதின்மூன்று ஆண்டுகளும் ஏறத்தாழ இருபதினாயிரம் கோடி ரூபாயும் ஆயின. புதிது கட்டுதலும் மலிவன்று என்பது தெளிவு. ஆனால் அச்செலவில் நம் தொழிலாளர் கை பழகியது; கலை இங்கேயே தங்கியது. பழைய கப்பலை மாற்றுவோர் முதலிற் கேட்கவேண்டியது விலையை அன்று. அதில் ஏறப்போகும் விமானம் எது என்பதையே. அவ்வினாவிற்கு விடை கண்டபின் கணக்கெழுதும் நாடு ஏமாறாது.